விரல் இல்லாத நாடி

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, எழுதிய வரிகளைவிட அழித்த வரிகளால் உயர்ந்த மூத்த பொறியாளர்களே, பிள்ளைகள் பகலெல்லாம் திரையோடு என்னதான் பேசுகிறார்கள் என்று கேட்க வந்திருக்கும் தாய்மார்களே, இடமின்றி நிற்கும் தோழர்களே, வணக்கம்.

பாராட்ட அழைத்தீர்கள். எனக்கோ உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

நாடித்துடிப்பைக் காட்டும் மருத்துவக் கருவிக்குக் கெர்னல் எழுதியவன் நான். கெர்னல் என்றால் என்ன? கேளுங்கள் அம்மா, சொல்கிறேன். கருவிக்குள் ஓடும் நிரல்களையெல்லாம் கட்டி ஆளும் தலைமை நிரல் அது.

கருவிகளை அனுப்பும் நாள். நாற்பது பெட்டிகள் லாரியில் ஏறிவிட்டன. சோதனைப் பிரிவு அக்கா கூப்பிட்டு, ஒரு கருவியில் எண் அசையவே இல்லை என்றார். 'நச்சரிப்பு' என்று நாங்கள் பெயர் வைத்திருந்த அக்கா. திரைக் கோளாறாக இருக்கும், அணைத்துப் போடுங்கள் என்றேன். அவர் வெறும் விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"விரல்ல இருந்து கிளிப்பக் கழட்டி நாலு நிமிஷம் ஆச்சு தம்பி. இன்னும் எழுபத்திரண்டுன்னே காட்டுது. இது யாரோட நாடி?"

சிரிக்கிறீர்கள். அன்று நான் சிரிக்கவில்லை; அந்தக் கருவியை வாங்கிக்கொண்டு என் மேசைக்கு ஓடினேன்.

தேடினேன், துருவினேன், கண்டேன். நிரல் தவறினால், கருவியின் மூளையான செயலி கெர்னலிடம் முறையிடும். கெர்னல் அதை நிரலுக்குச் சிக்னலாக, அதாவது எச்சரிக்கைக் குறிப்பாகச் சொல்லும். அதைப் பெற்றுக்கொள்ள நிரலின் நினைவகத்தில் இடமே இல்லையென்றால்? நிரலை நிறுத்த வேண்டும். என் கெர்னல் நிறுத்தியதா? இல்லை. அபாயமணி அடித்ததா? இல்லை. வாய்மூடி, பிழை செய்த அதே கட்டளைக்கே திரும்பியது. மீண்டும் பிழை, மீண்டும் மௌனம், நொடிக்குப் பல்லாயிரம் முறை. திரையில் மட்டும் பழைய எண், பாவம் அறியாத முகத்தோடு.

நான்கு மாடி இறங்கி ஓடினேன். லாரி உறுமிக்கொண்டிருந்தது. பழுது ஒரு கருவியில்தானே, மற்றவை போகட்டும் என்றார் மேலாளர். வண்டியின் முன்னால் போய் நின்றேன்.

"நாப்பதுலயும் நான் எழுதினதுதான் சார் இருக்கு."

 மேலாளர் ஓட்டுநரிடம் பெட்டிகளை இறக்கச் சொன்னார்.

மூன்று நாளில் திருத்தினேன். சிக்னல் சேராவிட்டால் நிரல் நிற்கும், மணி அலறும். அக்கா அதே பிழையை வேண்டுமென்றே உண்டாக்கினார். தளம் முழுவதும் காதைப் பொத்தியது. அவர் மட்டும் பொத்தவில்லை.

தோழர்களே, பிழை குற்றமா? இல்லை. பிழையை விழுங்கிவிட்டு நலம் என்று காட்டுவதே குற்றம். நிற்கட்டும் நிரல், அலறட்டும் மணி, அசையட்டும் நம் கால்கள்!

நீங்கள் எனக்குப் போர்த்திய இந்தச் சால்வை அக்காவுக்குரியது. விழாவுக்கு அழைத்தேன்; அடுத்த கருவி மேசையில் இருக்கிறது, வர முடியாது என்றுவிட்டார். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்.