கோச் வீட்டு வாசல்ல என் மூஞ்சி

ஐயோ, நீங்க ஏன் கோச் குனியறீங்க, விடுங்க, நான் புடுங்கிக்கறேன். ஞாயித்துக்கெழமன்னா எனக்கு இதான வேலை. முன்னெல்லாம் சர்ச்சு, அப்புறம் சாப்பாடு, அப்புறம்தான் உங்க வாசல்ல போர்டு புடுங்கறது. இந்த சீசன்ல வரிசைய மாத்திட்டேன். சர்ச்சுக்குப் போற சனம் பூரா இந்த வழியாத்தான் போகுது. என் மூஞ்சி உங்க புல்லு மேல வரிசையா பல்லக் காட்டிட்டு நிக்கறதப் பாத்துட்டுப் போகுதுங்க. இத பாருங்க, ஒண்ணுக்கு மீசை வேற வரஞ்சிருக்கான். நல்லாத்தான் வரஞ்சிருக்கான், பாவி.

காப்பியா? வேண்டாம் தம்பி. சரி, அரைக் கப். சக்கரை போட்டே குடுங்க, என் வீட்டுக்காரரு ஹாய்ட்டுகிட்ட சொல்லிடாதீங்க.

சிரிக்கறீங்களே, இன்னைக்கும் சிரிக்க முடியுதே உங்களுக்கு! நான் வீடு விக்கற எடமெல்லாம் படத்தோட போர்டு நட்டு வச்சிருக்கேன். கொக்குப் படம் போட்ட நம்ம காலேஜு ஃபுட்பால் டீம் ஒரு ஆட்டம் தோத்தா போதும், இந்த ஊர்க்காரனுங்க விடியறதுக்குள்ள அத்தனையும் புடுங்கிட்டு வந்து இங்க நட்டுடறானுங்க. வீடு விற்பனைக்கு, கூப்பிடுங்க வெல்டா கிரிம்ஸ்லியன்னு என் பேரோட. கோச்ச ஊர விட்டுக் கெளப்பணும்னா இங்க அதான் முறை, உங்களுக்கு முன்னாடி இருந்தவருக்கும் செஞ்சாங்க. ஊர்ல வேற புரோக்கரே இல்லயான்னா, இருக்கானே அந்த டேரல். அவன் போர்டுக்கு இரும்புக் காலு, லேசுல வராது. என்னோடது மரம்.

அதுக்காக நான் அழுதேன்னு நெனைக்காதீங்க. டிவிக்காரன் வந்து உங்க வாசலப் படம் புடிக்கறான், என் மூஞ்சியும் ஃபோன் நம்பரும் ஜார்ஜியா பூரா தெரியுது. நீங்க தோக்கத் தோக்க என் ஃபோன் அடிக்குது. இந்த வருஷம் வித்த மாதிரி நான் என்னைக்குமே வித்ததில்ல. உங்க மேல எனக்குக் கோவமே கெடயாது தம்பி, சத்தியமா.

அட, அத விடுங்க, அந்தத் தபால் பெட்டி பக்கத்துல இருக்கறது. அது ஆழமா எறங்கியிருக்கு, இடுப்பு புடிச்சுக்கும். அப்புறம் பாத்துக்கலாம். இந்தப் பக்கம் வாங்க.

நேத்து ஆட்டமா? பாத்தேன், பாதி. என்னத்தச் சொல்றது. நம்ம காலேஜே காசு குடுத்து, வாங்கப்பா, வந்து எங்ககிட்ட தோத்துட்டுப் போங்கன்னு கூப்பிட்ட டீம் அது. பேரு கூட யாருக்கும் வாயில நுழையல. அதுங்க பஸ்ஸுல வந்து எறங்கி, ஜெயிச்சு, காசையும் வாங்கிட்டு, போற வழில மாக்சின் கடைல வறுத்த கோழியும் தின்னுட்டுப் போயிருக்குங்க. மாக்சின் அழுதுகிட்டே பொட்டலம் கட்டினாளாம். ஆனா கட்டினா, வியாபாரம் வியாபாரந்தான.

ஏன் பாதி பாத்தேன்னா, மீதிப் பாதி நான் கார் செட்டுல இருந்தேன். என் வீட்டுக்காரரு அனுப்பிட்டாரு. நான் ரூம்ல இல்லாதப்பத்தான் நம்ம பசங்க பாயிண்டு எடுக்கறாங்களாம். ஹாய்ட்டக் கேட்டா டீம் உருப்படாமப் போனதுக்கு நீங்க காரணமே இல்ல, நாந்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி அவரு தொப்பிய தொவச்சுட்டேன். தொப்பின்னு சொன்னா போதாது, அது தனியா எந்திரிச்சு நடக்கற நெலமைல இருந்துச்சு. போனாப் போகுதுன்னு மெஷின்ல போட்டேன். அடுத்த வாரத்துலருந்து தோல்வி. அதுக்கப்புறம் கல்யாண நாளு, பொறந்த நாளு எதுவானாலும் அந்தத் தொப்பிப் பேச்சு வராம சோறு எறங்காது. நீங்களாவது ஊர்ல திட்டு வாங்கிட்டு வீட்டுக்கு வந்துடலாம். எனக்கு வீட்லயே!

போன வாரம் கர்ட்டிஸ் கடைல நடந்தது தெரியுமா உங்களுக்கு? முடி வெட்டிக்கப் போனாரு ஹாய்ட். கர்ட்டிஸ் கைல கத்திரி, மத்தவங்க மடில அவிச்ச கடலை, வாயில நீங்க. தொப்பிதான் காரணம்னு ஹாய்ட் ஆரம்பிச்சிருக்காரு. கர்ட்டிஸுக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். தொப்பியும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல, அந்த ஆளு நாலாவது வாய்ப்புல பந்த உதைக்கச் சொல்றாரே, அதாண்டா காரணம்னுட்டான். பத்து கெஜம் முன்னேற நாலு வாய்ப்பு குடுத்திருக்கு, மூணுல முடியலன்னா நாலாவத நின்னு ஆடிப் பாக்கணும், இவரு அரைக் கெஜம் பாக்கின்னாலும் உதைச்சு பந்த எதிராளி கைல குடுத்துட்டு ஓரமாப் போயி நிக்கறாரு, இப்படி ஒரு பயந்தாங்குளிய நான் பாத்ததில்லன்னு... நான் சொல்லல தம்பி, கர்ட்டிஸ் சொன்னான்.

அப்புறம் மூலைல இருந்த ஒருத்தன், அந்தக் கார்க்கடைப் பணக்காரரு காலேஜுக்கு நன்கொடை குடுத்துட்டு தன் அக்கா மகனப் பந்து எறியற எடத்துல நுழைச்சுட்டாருன்னு சொல்ல, அந்தப் பையனோட சித்தப்பன் அங்கயே மொகத்துல சோப்பு நுரையோட ஒக்காந்திருந்திருக்கான். அவ்வளவுதான். கடலை பறந்துச்சு. கர்ட்டிஸ் கத்திரியக் கீழ போட்டுட்டு, எல்லாரும் வெளிய போங்கடான்னுட்டான். ஹாய்ட் பாதித் தலையோட வீட்டுக்கு வந்தாரு. வலது பக்கம் ராணுவம், இடது பக்கம் காடு. இன்னைக்கு சர்ச்சுல தொப்பியக் கழட்டவே மாட்டேன்னு நிக்கறாரு, பாஸ்டர் மொறைக்கப் போறாரு. அதே தொப்பிதான்.

பாஸ்டர் மட்டும் சும்மாவா? பசங்கதான் காரணம்ங்கறாரு. முன்னெல்லாம் ஒரு காலேஜுல சேந்தா நாலு வருஷம் அங்கயே கெடப்பானுங்க, இப்ப எவன் கூடக் குடுக்கறானோ அங்க தாவிடறானுங்க, ஒருத்தன் பேரு மனசுல பதியறதுக்குள்ள அவன் வேற ஊரு சட்ட போட்டுட்டு நமக்கு எதிரா நிக்கறான், எவனும் ஒரு எடத்துல தங்கறதில்லன்னு ஒரு மணி நேரம் பிரசங்கம். அவரே நம்ம சர்ச்சுக்கு வந்து ரெண்டு வருஷந்தான் ஆகுது.

உங்க வீட்டம்மா ரெனே எங்க, இன்னும் எந்திரிக்கலயா? சர்ச்சுக்கா? பொண்ணையும் கூட்டிட்டா? ஓ. அப்படியா சொல்லிட்டுப் போச்சு. சரி சரி. ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்.

ஃபோன் அடிக்குதே, எடுக்கலயா? நான் வந்ததுலருந்து அது துடிச்சுட்டே கெடக்குது. மத்தியானம் காலேஜுல உங்கள வரச்சொல்லியிருக்காங்கன்னு ஊரே பேசுது. வேலை போயிடுமா தம்பி? ம். தெரிஞ்சதுதான். டெக்சஸ்ல ஒரு காலேஜுல உங்களக் கேக்கறாங்கன்னும் பேச்சு. மாக்சின் கடைல சொன்னாங்க. அவ கடைல தெரியாத விசயம் கவர்னருக்கும் தெரியாது. அப்ப இங்க அனுப்பினா நேரா அங்க. பொட்டி கட்டறது உங்களுக்குப் பழக்கந்தான. டென்னசி, அப்புறம் அந்தக் குளுரு ஊரு, அப்புறம் லூசியானா, இப்ப நாங்க.

அத ஆட்டாதீங்கன்னு சொன்னேன்ல!

இல்ல, கத்தல தம்பி. கத்திட்டேனா? மன்னிச்சுக்கங்க. இந்த மீசைக்காரியப் புடிங்க, வண்டில போடுங்க. எல்லாம் ஆச்சா? ஆச்சு. அது ஒண்ணுதான் பாக்கி.

நல்லா உத்துப் பாருங்க. மத்ததெல்லாம் கோணலா, புல்லக் கிழிச்சுட்டு நின்னுச்சு. குடிகாரப் பயலுங்க நட்டது. அது எப்படி நிக்குது? அளவு பாத்து, சுத்தியால அடிச்சு எறக்குன மாதிரி இல்ல? ஏன்னா நான்தான் அடிச்சேன். இன்னைக்குக் காலைல, நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி. அது திருட்டு போர்டு இல்ல தம்பி. அது நெசம்.

ரெனே வெள்ளிக்கெழம என் ஆபீசுக்கு வந்துச்சு. ஆமா, ஆட்டத்துக்கு முந்தின நாளு. வீடு அது பேர்லதான இருக்கு, அவங்கப்பா குடுத்த பணத்துல வாங்குனது, நான்தான வித்தேன். விக்கணும்னுச்சு. பதறாத கண்ணு, நாளைக்கு லேசான டீம்தான், ஜெயிச்சுருவாரு, ஊரு அடங்கிடும்னு சொன்னேன். அது சிரிச்சுது. ஜெயிச்சாலும் போர்டு நட்டுடுங்க, தோத்தாலும் நட்டுடுங்கன்னுச்சு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஊரே ஸ்கோரப் பாத்துட்டு இருக்கு, உங்க பொண்டாட்டி ஒருத்திதான் அதப் பாக்கவே இல்ல.

இருங்க, ஒக்காருங்க, இந்தப் படில ஒக்காருங்க. முழுசாக் கேளுங்க. வேற வீடும் என்கிட்டயே வாடகைக்குப் பாத்துக்குச்சு. இதே ஊர்ல. ஸ்கூல்ல பாட்டு சொல்லிக் குடுக்கற வேலைய அது விடறதா இல்ல. பொண்ணுக்கு இங்கதான் மொத மொதல்ல ஒரு சிநேகிதி அமைஞ்சிருக்காம், அதையும் பிரிக்கறதா இல்ல. எப்படி வீடு வேணும்னு கேட்டேன். சின்னதா இருந்தாப் போதும், ஆனா வாசல்ல புல்லு இருக்கக் கூடாதுன்னுச்சு. நான் இத்தனை வருஷத்துல கேக்காத நிபந்தனை இல்ல, இத மட்டும் எவளும் சொன்னதில்ல. லைப்ரரிக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு. கதவத் தொறந்தா நேரா நடைபாதை. போர்டு நட ஒரு சாண் மண்ணு கெடயாது. பாத்துட்டு அங்கயே அழுதுருச்சு.

சர்ச்சுக்குப் போகல தம்பி. ரெண்டு பேரும் அங்கதான் இருக்காங்க, சமையக்கட்டுக்கு மஞ்சப் பெயிண்டு அடிச்சுட்டு.

உங்ககிட்ட சொல்ல அதுக்கு வாய் வரலயாம். நீங்க சொல்லிடுங்க வெல்டான்னுச்சு. நான் பாருங்க, தொப்பி, கர்ட்டிஸ், கோழின்னு ஊர்க்கதை பூரா பேசிட்டு நிக்கறேன். எனக்கு மட்டும் வருதா என்ன?

இன்னும் ஒண்ணு, அப்படியே சொல்லச் சொல்லுச்சு, மாத்தாம சொல்றேன். இது எங்களுக்கு நாலாவது ஊரு. நாலாவதுல உதைச்சு விட்டுட்டுப் போறது அவரு பழக்கம். இந்தத் தடவ நான் நின்னு ஆடறேன்னு சொல்லுங்கன்னுச்சு.

அவ்வளவுதான். இந்தாங்க, புது வீட்டுச் சாவி. ரெண்டு குடுத்தேன், ஒண்ண உங்ககிட்ட குடுக்கச் சொல்லித் திருப்பிக் குடுத்துச்சு. வாங்கன்னும் சொல்லல, வராதீங்கன்னும் சொல்லல.

மறுபடி அடிக்குது பாருங்க. டெக்சஸா? எடுக்கறதுன்னா எடுங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். உங்க பொழப்பு, நான் யாரு சொல்றதுக்கு.

நின்னுருச்சு. எடுக்கலயா?

எந்திரிச்சு எங்க போறீங்க, கால்ல செருப்பு கூட இல்லாம? சுத்தியா? இருக்கு, முன் சீட்டுக்குக் கீழ. எதுக்கு?

ஆமா, நீங்க ஆட்டுனதுல போர்டு கொஞ்சம் சாஞ்சுருச்சு. எனக்கு அவ்வளவுதான் பலம். நேரா நிமித்தி, ஓங்கி அடிச்சு எறக்குங்க தம்பி. என் மூக்குல மட்டும் பட்டுடாம.