வழுக்கி விழுந்தவள்

சுசீலா: வா, வா... இந்தத் தடவ என்ன? அட்டை கடிச்சுதா, சாக்கடைல உளுந்தியா?

வேலாமணி: ரெண்டும் இல்லீங் நர்ஸக்கா...

சுசீலா: அப்ப படி வழுக்கிருச்சு.

வேலாமணி: இல்லீங்க, நான் வந்து...

சுசீலா: இந்த எஸ்டேட்டுல முந்நூறு பேரு கொழுந்து எடுக்கறாங்க. அத்தன பேரும் மழையிலதான் நடக்கறாங்க. உனக்கு மட்டும் எப்படியம்மா மாசாமாசம் காலு வழுக்குது?

வேலாமணி: நான் மருந்துக்கு வரலீங்க.

சுசீலா: பின்ன, டிஸ்பென்சரிக்கு என்ற மொகத்தப் பாக்கவா வந்த?

வேலாமணி: யாருக்கு என்ன காயம்னு நோட்டுல எழுதி வெப்பீங்கல்ல... அதுல என்ற பேருக்கு எழுதுனதெல்லாம் ஒரு காப்பி வேணுங்க.

சுசீலா: எதுக்கு? பிரேம் போட்டு மாட்டறதுக்கா?

வேலாமணி: ஊட்டில கேட்டாங்க. கலெக்டர் ஆபீஸ்ல ஒரு மேடம்... பாதுகாப்பு அலுவலருங்க. ஊட்டுல அடிபடற பொம்பளைங்களுக்கு மனு எழுதி கோர்ட்டுக்கு அனுப்பறவங்க.

சுசீலா: ஓ! கோர்ட்டு வரைக்கும் போயாச்சா. யாரு வழி காட்டுனது?

வேலாமணி: பொம்பளைங்க ஒதவிக்குன்னு இருக்கற நூத்தியெம்பத்தொண்ணுக்குப் போன் பண்ணுனேன்.

சுசீலா: அவங்க உடனே ஹெலிகாப்டர் அனுப்புனாங்களாக்கும்.

வேலாமணி: இல்லீங்... மஞ்சூர் பஸ்சுலதான் போனேன்.

சுசீலா: போன வருசம் போலீசுக்கும்தான் போன. என்னத்தக் கிழிச்சாங்க?

வேலாமணி: ரெண்டு பேரையும் பெஞ்சுல உக்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்து, ஒண்ணும் எழுதிக்காம, சமாதானமாப் போங்கன்னாங்க.

சுசீலா: தேயிலைக்காரிக்கு டீ! நல்ல நாயம்.

வேலாமணி: அதையும் அவன்தான் குடிச்சான். எனக்கு ஒதடு கிழிஞ்சிருந்துச்சு.

சுசீலா: அவனா? போன மாசம் வரைக்கும் 'எங்கூட்டுக்காரரு, எங்கூட்டுக்காரரு'ன்னு வாய் நெறையா...

வேலாமணி: போன மாசம் வரைக்குந்தானுங்க.

சுசீலா: வாயப் பாரு... கைய ஏன் முந்தானைக்குள்ள வெச்சிருக்கற? காட்டு. காட்டுங்கறேன்ல... அடக் கடவுளே. மணிக்கட்டு பன்னாட்டம் வீங்கிக் கெடக்குது. எக்ஸ்ரே எடுக்கோணும்.

வேலாமணி: எடுத்துக்கலாம். அதையும் எழுதுங்க. புருசன் ரவிச்சந்திரன் முறுக்குனான்னு எழுதுங்க.

சுசீலா: எழுதி? கோர்ட்டு என்ன பண்ணிரும்? உள்ள போடுவாங்க, நாளைக்கே வந்து நிப்பான்...

வேலாமணி: உள்ள போடச் சொல்லலீங்க. ஊட்ட உட்டு வெளிய போகச் சொல்றேன்.

சுசீலா: ஆம்பளைய? அவன் ஊட்ட உட்டா?

வேலாமணி: அவனுக்கு ஊடு ஏதுங்க? எஸ்டேட்டுல பர்மனெண்ட் நான். தொழிலாளிக்குத் தர்ற லைன் ஊடு என்ற பேர்ல குடுத்தது. அவன் பேரு வேலையாளுங்கள எழுதற எந்த மஸ்டர்லயும் கெடையாது. திங்கறதுக்கும் ஒதைக்கறதுக்கும் மட்டும் கரெக்டா ஆஜராகறான்.

சுசீலா: ...அட, ஆமா.

வேலாமணி: ரெண்டு வருசமா, புள்ளையத் தூக்கிட்டு எங்க ஓடறதுன்னே நெனச்சிட்டிருந்தேன். சோலூர்ல சின்னம்மா ஊடு, கூடலூர்ல அண்ணன் ஊடுன்னு... அந்த மேடந்தான் கேட்டாங்க, 'ஊடு உங்க பேர்ல இருக்குது, நீங்க எதுக்கு ஓடறீங்க'ன்னு. எனக்கே சிரிப்பு வந்துருச்சு.

சுசீலா: சிரிப்பு வேற! பத்து வருசமா லைன்ல குடியிருக்கற, இது தெரியலையா மடச்சி?

வேலாமணி: உங்களுக்குத் தெரியுமுங்களா?

சுசீலா: ...எனக்கெதுக்கு அதெல்லாம்? நான் குவார்ட்டர்ஸ்ல இருக்கறவ.

வேலாமணி: வியாழக்கெழம கோர்ட்டு. அடிச்சதுக்கு அத்தாச்சி கேக்கறாங்க. அது இல்லைன்னா திரும்ப அவன்கூட அதே ஊட்டுலதான் இருக்கோணும்... இனி இருந்தா உசுரோட இருக்க மாட்டேங்க.

சுசீலா: அத்தாச்சியா? இந்தா பாரு உன்ற அத்தாச்சிய. படிக்கறேன், கேளு. 'தேயிலைத் தோட்டத்தில் வழுக்கி விழுந்ததாகக் கூறினார்.' தேதியப் பாரு... ஞாயித்துக்கெழம! அன்னைக்கு எந்தத் தோட்டத்துல கொழுந்து எடுத்த?

வேலாமணி: அன்னைக்கு லீவுதானுங்க.

சுசீலா: அடுத்தது. 'விறகு சரிந்து முகத்தில் காயம்.' வெறகு மோதரம் போட்டிருந்துச்சா? கன்னத்துல அச்சு அப்படியே தெரிஞ்சுது. அடுத்தது... 'கழுத்தில் அட்டை கடித்ததாகக் கூறினார்.' அஞ்சு வெரலு மொளச்ச அட்டைய இந்த மலையில நான் மொதல்ல பாத்தது உன்ற கழுத்துலதான்.

வேலாமணி: அப்பவே தெரிஞ்சுதுங்களா?

சுசீலா: பின்ன? இருவது வருசமா ஊசி போடறவளுக்கு இது தெரியாதா? இதக் கொண்டு போயி ஜட்ஜுகிட்டக் குடு. 'இந்தம்மாவுக்குப் பாதுகாப்பு வேண்டாம், நல்ல செருப்பு வாங்கிக் குடுங்க'ம்பாரு.

வேலாமணி: மொதப் பக்கத்துல இருந்து படிங்களேன்...

சுசீலா: எல்லாம் ஒரே பாட்டுத்தான். ஒரு தடவ... ஒரே ஒரு தடவ நீ உள்ளதச் சொல்லியிருந்தா நான் எழுத மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?

வேலாமணி: நான் மொத நாளு வந்தது இந்த நோட்டுல இருக்காது. அதுக்கு முந்துன நோட்டுங்க.

சுசீலா: அது எங்கியோ... கரையான் தின்னுருக்கும்.

வேலாமணி: அலமாரில மேல் தட்டுலதான் இருக்குது. இங்கிருந்தே தெரியுதுங்க.

சுசீலா: ...அதுல மட்டும் என்ன புதுசா இருக்கப் போகுது? அதுலயும் வழுக்கித்தான் உளுந்திருப்ப.

வேலாமணி: ஆமாங்க. அப்படித்தான் எழுதியிருக்கும்.

சுசீலா: அப்புறம் என்ன?

வேலாமணி: 'ரெண்டு வருசத்துல, போலீசத் தவுர ஒருத்தருகிட்டக்கூடவா சொல்லல'ன்னு மேடம் கேட்டாங்க.

சுசீலா: கேக்கத்தான கேப்பாங்க! நீ என்ன சொன்ன?

வேலாமணி: வேற யாருகிட்டயும் சொல்லலீங்கன்னேன்.

சுசீலா: பாத்தியா? உன்ற வாயாலயே...

வேலாமணி: அது பொய்யுங்க.

சுசீலா: பொய்யா? அப்ப யாருகிட்டடி சொன்ன?

வேலாமணி: உங்ககிட்டத்தானுங்க நர்ஸக்கா. மொத நாளு, இதே ஸ்டூல்ல உக்காந்து, 'எங்கூட்டுக்காரரு அடிச்சுட்டாருங்க'ன்னு சொன்னேன். அவன் வாசல்ல நின்னு கேட்டுட்டிருந்தான். நீங்க பேனாவ மூடி வெச்சுட்டு, 'வழுக்கி உளுந்துட்டேன்னு சொல்லு கண்ணு, அப்பத்தான் குடும்பம் நெலைக்கும்'னீங்க... நான் அழுதுட்டே சொன்னேன், நீங்க எழுதுனீங்க. அன்னைக்குச் சொல்லிக் குடுத்ததத்தான் ரெண்டு வருசமா உங்ககிட்டயே ஒப்பிச்சுட்டிருந்தேன். உங்க வேலைக்கு வில்லங்கம் வந்துரக்கூடாதேன்னுதான் மேடத்துகிட்ட உங்க பேர மறைச்சேன். வியாழக்கெழம கோர்ட்டுல மறைக்கறதா இல்லீங்க.