தொடையிலிருந்து எடுத்த சவ்வு

யுத்த காலத்தில் ஒரு நாள் தர்மபுரியிலிருந்து இண்டூருக்கு, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடிய கரி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில், மழித்த தலையில் துணி கட்டியிருந்த ஒரு இளம்பெண் தன் அண்ணனிடம் சொன்னது காதில் விழுந்தது.

“என் தொடையில ஒரு துண்டு இப்ப மூளைக்கு அடியில இருக்குதுண்ணா. இதுல என்ன வெக்கம்?”

“மெதுவாப் பேசு புள்ள. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். கண்ணு மங்கிப்போச்சுன்னு மண்டைக்குள்ள இருந்த கட்டிய எடுத்தாங்க. அப்புறம் மூக்குல தண்ணியா ஒழுகிச்சு. இது சளியில்ல, மூளைத் தண்ணி, அடைக்காட்டி உசுருக்கே ஆபத்துன்னாரு பெங்களூர் டாக்டர். தொடையில இருந்து சவ்வ அறுத்து அந்த ஓட்டைய அடைச்சாரு. ஒழுகறது நின்னுபோச்சு. கண்ணும் தெரியுது.”

“மண்டைய அறுத்தவ வூட்டுக்கு ஆகாதுங்கறாங்களே உன் மாமியா. மாப்பிள்ளைக்கு வேற பொண்ணு பாக்கறாங்களாம். பேசாம நம்ம வூட்டுக்கே திரும்பிடலாம்.”

“அவரு தன் வாயால வேணாம்னாரா?”

“இல்ல.”

“அவரு மூஞ்சி எனக்குத் தெரிஞ்சு எத்தன மாசமாச்சு! இன்னிக்கு நல்லாப் பாத்துக்கிட்டே கேக்கறேன். அவரும் என்னப் பாத்துச் சொல்லட்டும்.”

இண்டூரில் பஸ் நின்றது. லேசாக நொண்டியபடி அவள்தான் முதலில் இறங்கினாள். அண்ணன் துணி மூட்டையோடு படியிலேயே தயங்கி நின்றான்.

“கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருண்ணா” என்றாள் அவள். “மூட்டைய நீ தூக்கிட்டு வா. பேச வேண்டியத நான் பேசிக்கறேன்.”