நாற்பது தாளவட்டம்

மேல்நாட்டுப் புல்லாங்குழல் வாசிப்பவர்கள் இரண்டாவதாக ஒரு வாத்தியம் கற்க நினைத்தால் சாக்ஸபோன்தான் சுலபம். விரல் வைக்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். கிளாரினெட் அப்படியில்லை, தெரிந்ததில் பாதியை விரல்கள் மறக்க வேண்டும். பிறகு ஏன் கிளாரினெட்டைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று போன வாரம் கேட்டீர்கள். பிடித்திருந்தது என்றேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அது முழுப் பதில் இல்லை. அதனால்தான் இன்று நானாகவே வந்திருக்கிறேன்.

நாடக அரங்கில் மேடைக்குக் கீழே ஒரு பள்ளம் உண்டு. வாத்தியக்காரர்கள் பதினோரு பேருக்கும் அங்கேதான் இடம். பதினாறு வருடமாக என் பக்கத்து நாற்காலி ஆமையண்ணனுடையது. கிளாரினெட்டின் பாகங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டவே கால்மணி நேரமாகும் அவருக்கு. அதனால் அந்தப் பெயர். பள்ளத்தில் பாதி வேலை சும்மா இருப்பது. நம் முறை வரும்வரை தாளவட்டங்களை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அண்ணனுக்கு எண்ணிக்கை நிற்காது. என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் லேசாக அசைத்ததும் எடுத்து ஊதுவார். அருமையாக ஊதுவார். கைதட்டல் அவருக்குப் போகும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

மழைக்காலத்தில் மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "அடுத்த நாடகத்துல இருந்து உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நாற்காலிதான். ரெண்டு வாத்தியத்தையும் யார் நல்லா வாசிக்கிறாங்களோ அவங்களுக்கு. நாலு மாசம் கழிச்சு ரெண்டு பேரையும் கேட்டுட்டுச் சொல்றேன்."

அண்ணன் சின்ன வயதிலேயே புல்லாங்குழல் பழகியவர். எனக்கு என் புல்லாங்குழலைத் தவிர எதுவும் தெரியாது.

படி இறங்கும்போது அவர்தான் ஆரம்பித்தார். "ஏம்மா, மூஞ்சிய ஏன் இப்படித் தூக்கி வச்சிருக்க? கிளாரினெட்டை நான் கத்துத் தரேன். வா, சரிக்குச் சரி நிப்போம்."

"நான் ஜெயிச்சுட்டா என்ன பண்ணுவீங்கண்ணே?"

"நிம்மதியாத் தூங்குவேன். உங்க அண்ணிதான் பாவம், நாள் பூரா என் மூஞ்சியப் பாக்கணும்."

மதியங்களில் அவர் வீட்டுக்குப் போனேன். முதல் பாடம் வாசிப்பு இல்லை, பராமரிப்பு. என் குழல் உலோகம். உதட்டுக்கு வெளியே வைத்து ஊதுவது. கிளாரினெட் மரம், எண்ணெய் காட்டாவிட்டால் வெடித்துவிடும். வாய்முனையில் ரீடு என்று மெல்லிய சில்லு ஒன்று இருக்கும். ஊதுவதற்கு முன் அதை வாயில் வைத்து நனைக்க வேண்டும்.

"கடையில பாதாம் எண்ணெயைத்தான் குடுப்பாங்க," என்றார். "எனக்கு அது ஆகாது. ஒரு பொட்டு உள்ள போனாலும் தொண்டை அடைச்சுக்கும். இந்த சிவப்பு மூடி பாட்டில் மட்டும்தான் என்னோடது. பாத்து வச்சுக்க."

"அதுக்கான ஊசி எப்பவும் பையில இருக்கணும்," என்றார் அண்ணி உள்ளேயிருந்து. "பைய மறந்தாருன்னா வீட்டுக்குள்ள இடமில்லைன்னு சொல்லியிருக்கேன்."

பார்த்து வைத்துக்கொண்டேன். நான் நல்ல மாணவி.

நான்கு மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு என் வாசிப்பைக் கேட்டார். அவருக்குப் பொய் சொல்ல வராது. "இன்னும் ரெண்டு வருஷம், தங்கச்சி. அப்புறம் உன்னை யாராலயும் அசைக்க முடியாது."

அன்று திரும்பும் வழியில் கடைக்குப் போனேன்.

தேர்வன்று காலை பள்ளத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான். மேலாளர் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. அண்ணன் கை கழுவப் போகும்போது, "என்னோடதையும் பூட்டி வைம்மா, உன் கைதான் இப்ப வேகம்," என்றார். பூட்டினேன். எண்ணெய் காட்டினேன். ரீடுக்கும்தான். கொக்கியில் தொங்கிய அவருடைய பையை எடுத்து உடையலங்கார அறை அலமாரியில் வைத்தேன். பள்ளம் குறுகலானது, காலில் மிதிபடும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் வந்து உட்கார்ந்தார். ரீடை நனைத்தார். அடி ஸ்தாயியில் நீளமாக ஒரு ஸ்வரம் பிடித்தார். நல்ல ஸ்வரம். பாதியில் நிறுத்தி உதட்டைச் சொறிந்தார். கொக்கியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பள்ளத்தில் வாத்தியத்தை எடுத்துவிட்டால் நாங்கள் வாயால் பேசுவதில்லை, எல்லாம் கண்தான். எங்கே என்று கேட்டார். வழக்கம்போல என் முழங்காலைப் பார்த்தார்.

நான் அசைக்கவில்லை. எண்ணினேன். நிதானமான நடையில் நாற்பது தாளவட்டம். நடுவில் அவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். அப்போதும் எண்ணிக்கை தவறவில்லை. நாற்பது முடிந்ததும் எழுந்து ஆட்களைக் கூப்பிட்டேன். மருத்துவமனை வாசலிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

அண்ணி உங்களிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். "அவ தகரக் குழல் ஊதறவ. அவளுக்கு என்ன தெரியும்? கடைக்காரன் குடுத்ததைப் போட்டுட்டா. அவளைப் போட்டு வதைக்காதீங்க." என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். பை எப்படி அலமாரிக்குப் போனது என்று யாரும் கேட்கவில்லை. நீங்கள் விசாரணை அறிக்கையில் 'அறியாமையால் நேர்ந்தது' என்று எழுதினீர்கள். நாற்காலி எனக்கு வந்தது.

மூன்று நாள் உட்கார்ந்து வாசித்தேன். நேற்று எனக்குப் பின்னால் மேளக்காரர் புதிய வயலின்காரரிடம் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. "பாவம், எந்த எண்ணெய்னுகூடத் தெரியாது அதுக்கு." ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

குற்ற உணர்ச்சி என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. நான் அந்த வாத்தியத்தை முறையாகக் கற்றவள். எந்த எண்ணெய், எந்த மூடி, ரீடில் எவ்வளவு, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். 'அறியாமை' என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் திருத்திக்கொடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஐந்து மணிக்கு ஒத்திகை இருக்கிறது. அதற்குள் என்னை அனுப்பிவிடுவீர்கள்தானே? பதினாறு வருடத்தில் ஒருநாள்கூட நான் தாமதமாக உள்ளே நுழைந்ததில்லை.