டூட்டி மாறும் நேரம்

— பாப்பாவ ஸ்கூல் பஸ்ல ஏத்திட்டேன். தண்ணி பாட்டில மறந்துட்டா, பஸ் பின்னாடியே ஓடிப்போய்க் குடுத்தேன். பால் தீந்துபோச்சு. மோட்டார் போட்டிருக்கேன், நீ போனதும் நிறுத்திடு. வீட்டு சேதி அவ்வளவுதான். வார்டு சொல்லு.

— மோட்டார் போட்டுட்டா வந்த? நான் வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும்ப்பா. தொட்டி ரொம்பித் தெருவெல்லாம் ஓடும்.

— அடச்சே. என் புத்தி. பக்கத்துத் தெருவுலதான உன் தங்கச்சி, அவளுக்கு ஃபோன் போடறேன்.

— நானே போட்டுச் சொல்லிக்கறேன். நீ உக்காரு.

— உக்கார நேரமில்ல. பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி சேர்மன் கீழ கூப்பிடுவார். உங்கிட்ட ஒரு விஷயம் வேற சொல்லணும், வார்ட முடிச்சிட்டுச் சொல்றேன்.

— இப்பவே சொல்லிடு. வாயெல்லாம் பல்லா இருக்கு.

— இல்லம்மா, நம்ம வழக்கம் என்ன? மொதல்ல நோயாளி, அப்பறம் நாம.

— பன்னெண்டு வருஷமா அந்த அப்பறம் வந்தபாடில்ல.

— காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா? சிஸ்டர், உங்க டாக்டரம்மாவுக்கு ராத்திரி டீ கீ குடுக்கலையா?

— குடுத்தேன் டாக்டர். ஆறிப்போய் அப்படியே இருக்கு. பிஸ்கட்டும் வெச்சேன், அதையும் தொடல. எனக்கென்ன வந்துது, நான் சொல்றத சொல்லிட்டேன்.

— சாப்பிடறேன் சிஸ்டர். ஒண்ணாம் படுக்கை, நம்ம தையல்காரர். நேத்து ராத்திரி பத்து மணிக்கு வென்டிலேட்டர் குழாய எடுத்துட்டேன்.

— எடுத்துட்டியா? நான் இன்னும் ரெண்டு நாளாவது ஆகும்னு நெனச்சேன்.

— தன்னாலதான் மூச்சு விடறார். நல்லா இருக்கார். குரல் வந்ததும் மொதல்ல என்ன கேட்டார், சொல்லு பாப்போம்.

— தண்ணி கேட்டிருப்பார்.

— கடைய யார் தொறந்தான்னு கேட்டார். பதினேழு நாளா நெனவில்லாம கெடந்த மனுஷன்.

— அட. நம்ம ஜாதி.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். அவர் சம்சாரம் கதவோரம் நின்னுக்கிட்டிருந்தாங்க. "பதினேழு நாளா பூட்டித்தான் கெடக்கு, ஊர்ல யாரும் அம்மணமா திரியல"ன்னு ஒரே போடா போட்டாங்க.

— டாக்டர், அதக் கேட்டு நானும் ஆயாம்மாவும் சிரிச்ச சிரிப்புல அடுத்த படுக்கைக்காரர் முழிச்சுக்கிட்டார்.

— நல்லா கேட்டாங்க. சரி, அடுத்தது.

— ரெண்டாம் படுக்கை, ரிடையர்டு ஹெட்மாஸ்டர். ஆபரேஷன் ஆன எடம் சுத்தமா இருக்கு, காய்ச்சல் இல்ல. மத்தியானம் சாதா வார்டுக்கு மாத்திடலாம். மாத்தலைன்னா நர்ஸுங்களுக்கெல்லாம் பரீட்சை வெப்பார்.

— மாத்திடுவோம். சொல்லாம இருக்க முடியலம்மா. உத்தரவு வந்திருச்சு.

— என்ன உத்தரவு?

— நம்ம ஐசியூ யூனிட்டுக்கு. நாலு படுக்கை இல்ல, இனிமே எட்டு. பக்கத்து ஹால இடிச்சு சேத்துக்கறாங்க. நேத்து சாயங்காலம் சேர்மன் கையெழுத்து போட்டு அனுப்பினார். உனக்கு ஃபோன்ல சொல்லவேண்டாம், நேர்ல சொல்லி உன் மூஞ்சியப் பாக்கணும்னு வெச்சிருந்தேன்.

— எட்டா?

— எட்டு. ஞாபகம் இருக்கா, பழைய பெட்ஷீட் போட்டு வெக்கற ரூம காலி பண்ணி ரெண்டு கட்டில் போட்டோமே. ஆக்ஸிஜன் சிலிண்டர நீயும் நானும் கீழருந்து உருட்டிக்கிட்டு வந்தோம்.

— நீ காலு மேல போட்டுக்கிட்ட.

— உன் கைய பிடிச்சுக்கிட்டு நொண்டினேன். அதுக்கப்பறம்தான் கல்யாணத்தப் பத்திப் பேசினோம்.

— மறக்குமா? மொதல் நோயாளி நடந்து வீட்டுக்குப் போனப்ப வராண்டாவுல நின்னு ரெண்டு பேரும் அழுதோம். அந்த சந்தோஷம் மாதிரி ஒண்ணு நமக்கு பாப்பா பொறந்தப்பத்தான் வந்துது.

— அதான் சொல்றேன். இது நாம கட்டினது. இப்ப எட்டு. ஆய்வுக்கு வெளியிலருந்து மூணு பேர் வர்றாங்க, பன்னெண்டாம் தேதி. நான் கூட இருந்து சுத்திக்காட்டணும்.

— பன்னெண்டாம் தேதியா?

— ஆமா. ஏன்?

— அன்னிக்கு நமக்கு லீவுப்பா.

— உனக்கு லீவு. மாசம் ஒரு நாள் அந்த வெளி டாக்டர் வர்றாரே, இந்த மாசம் உன் முறை. எடுத்துக்கோ.

— எனக்கில்ல, நமக்கு. மூணு மாசமா அவரக் கெஞ்சி, பகல் ராத்திரி ரெண்டையும் அவரே பாக்கறதா ஒத்துக்க வெச்சிருக்கேன். இந்த ஒரு தடவைதான்னு சொல்லிட்டார். உங்கிட்ட போன வாரமே சொன்னேன். இதே எடத்துல நின்னுதான் சொன்னேன்.

— சொன்னியா? எங்கயாவது போறதா ப்ளானா?

— எங்கயும் இல்ல.

— பின்ன?

— ஒரே வீட்ல, ஒரே நேரத்துல, ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு இருக்கணும். அவ்வளவுதான் ப்ளான்.

— அதுக்காகவா இவ்வளவு கஷ்டப்பட்ட?

— உன்ன நான் பாக்கறதே இல்லப்பா. வாஷ்பேசின்ல முடி ஒட்டியிருந்தா நீ ஷேவ் பண்ணியிருக்க. செருப்பு கோணலா கெடந்தா அவசரமா கெளம்பியிருக்க. நோட்டம் பாக்க வந்தவ மாதிரி உங்கூட குடும்பம் நடத்தறேன். பாப்பா போன வாரம் என்ன கேட்டா தெரியுமா? உனக்கும் அப்பாவுக்கும் சண்டையான்னு கேட்டா. சண்டை போடறதுன்னாலும் ரெண்டு பேரும் வீட்ல இருக்கணுமேடின்னேன்.

— சின்னப் பொண்ணு. ஏதோ கேப்பா.

— மாடி குவார்ட்டர்ஸ்ல இருந்தப்ப படி ஏறினா வீடு. நான் போய்ப் படுக்கறப்ப நீ எழுந்திரிச்ச எடம் இன்னும் சூடா இருக்கும். அதுல கன்னத்த வெச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன். இப்ப பெரிய வீடு வாங்கிட்டோம், காத்து வருது, வெளிச்சம் வருது. தொலைவா வேற வாங்கிட்டோம். நான் போறதுக்குள்ள ஆறிப்போயிடுது.

— இத நீ எங்கிட்ட சொன்னதே இல்லையே.

— எப்ப சொல்ல? இந்தப் பதினஞ்சு நிமிஷத்துல பொட்டாசியம் சொல்லுவேனா, இதச் சொல்லுவேனா?

— எனக்கு மட்டும் ஆசை இல்லையாம்மா? உன் தலைமாட்டுல கெடக்கற க்ளிப்ப எடுத்து ஷெல்ஃப்ல வெக்கறப்ப எனக்கும் ஒரு மாதிரிதான் இருக்கும். இது முடியட்டும். எட்டுப் படுக்கை வந்தா இன்னும் ரெண்டு டாக்டர் போடுவாங்க. அப்பறம் மாசத்துக்கு ஒண்ணு என்ன, வாரத்துக்கே ஒரு நாள் எடுத்துக்கலாம்.

— ரெண்டு படுக்கை நாலு ஆனப்பவும் இதத்தான் சொன்ன.

— அப்ப ஆள் கெடைக்கல. நான் என்ன பண்ண? இந்த மாசம் இத முடிச்சிடறேன். அடுத்த மாசம் கண்டிப்பா பாத்துக்கலாம்.

— சரி.

— கோவமா?

— இல்ல.

— இல்லன்னு நீ ஒத்த வார்த்தைல சொன்னா எனக்கு பயமா இருக்கும்.

— கோவப்படக்கூட தெம்பு இல்லப்பா. வேற ஒண்ணுமில்ல.

— டாக்டரம்மா, அந்தக் கைய மடக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? பாக்கெட்டுக்குள்ள வேற விட்டுக்கறீங்க.

— கைக்கு என்ன?

— ரத்தம் எடுத்தாங்க.

— செக்கப்பா? நல்லது. நானும் எடுக்கணும், ரெண்டு வருஷமா தள்ளிப்போகுது. மூணாம் படுக்கை சொல்லு.

— லாரி டிரைவர். பொட்டாசியம் கொறஞ்சிருந்துது, ஏத்தியாச்சு. பத்து மணிக்குத் திரும்ப ரத்தம் பாக்கணும். மத்தபடி மாத்தமில்ல. அண்ணன்காரர் வெளியில உக்காந்திருக்கார், அவர்கிட்ட ரெண்டு வார்த்தை ஆறுதலா பேசு. என்னால முடியல.

— பேசறேன். நாலு நேத்து காலியாத்தான இருந்துது? தெரை போட்டு மூடியிருக்கு.

— விடியகாலம் ஒரு அட்மிஷன். பொம்பள. முப்பத்தொம்பது வயசு. வேலை பாத்துக்கிட்டிருக்கறப்பவே மயங்கி விழுந்துட்டாங்க.

— தலைல அடியா?

— இல்ல, பக்கத்துல இருந்தவங்க தாங்கிப் பிடிச்சிட்டாங்க. பிபி தொண்ணூறுக்கு அறுபது. சர்க்கரை அம்பத்தாறு.

— என்ன சாப்பிட்டாங்க?

— நேத்து மத்தியானம் சாப்பிட்டது. அதுவும் நின்னுக்கிட்டே. ஹீமோகுளோபின் எட்டு.

— எட்டா? அத வெச்சுக்கிட்டு எப்படி நடமாடினாங்க? நீ என்ன குடுத்த?

— எமர்ஜென்சி டாக்டர் மேல வந்து பாத்தார். குளுக்கோஸ் ஏத்தினார். ஈசிஜி சரியா இருக்கு. ஒரு மணி நேரம் தூங்கினாங்க.

— அவர் ஏன் வந்தார்? நீ எங்க போன?

— நானும் இங்கதான் இருந்தேன்.

— சரி. அவங்களுக்கு என்ன வேலை?

— ராத்திரி வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி.

— தூக்கம்?

— நாலு மணி நேரம் வந்தா பெரிசு. போன வாரம் சொந்த வீட்டு வாசல்ல, எந்த சாவின்னு தெரியாம பத்து நிமிஷம் நின்னிருக்காங்க. லிஃப்ட்ல தனியா போனா அழுகை வருதாம். கதவு தொறந்தா நின்னுடுதாம். ஒரு நல்லது நடந்தா சந்தோஷப்படணும்னு தெரியுது, சந்தோஷம் மட்டும் வரமாட்டேங்குதுங்கறாங்க.

— வேலை பிடிக்கலையோ?

— அங்கதான் வம்பே. உசுரா பிடிக்கும். வேலைய விட்டுடவான்னா, விட்டா நான் யாருங்கறாங்க. இத விடவும் வேண்டாம், இதுலயே செத்துப்போகவும் வேண்டாம், நடுவுல ஒரு வழி இருந்தா சொல்லுங்கன்னு கேக்கறாங்க.

— இது ஒரு நாள்ல வர்றதில்லம்மா. வருஷக்கணக்கா சேந்திருக்கு. வீட்ல யாரும் கெடையாதா?

— வீட்டுக்காரர் இருக்கார். நல்லவர். அதிந்து ஒரு வார்த்தை பேசமாட்டார்.

— நல்லவரா இருந்து என்ன பிரயோஜனம்? கூடவே இருக்கற மனுஷனுக்கு இதுகூட கண்ணுல படலையா?

— அதத்தான் டாக்டர் நானும் விடிஞ்சதுலருந்து கேக்கறேன். எனக்கென்ன வந்துது, கேட்டு வெச்சேன்.

— அவருக்கு ஃபோன் பண்ணீங்களா சிஸ்டர்?

— பண்றேன்னு நம்பர எடுத்துட்டேன். அந்த அம்மாதான் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. தூங்கட்டும் பாவம், காலைல எப்படியும் வருவார்னு சொல்லிட்டாங்க.

— இந்த நெலமைலயும் அவர் தூக்கத்தப் பத்திக் கவலைப்படறாங்க பாரு. வரட்டும், நான் பேசறேன்.

— என்ன பேசுவ?

— உடைச்சே பேசுவேன். இன்னிக்கு இங்கயே இருக்கட்டும். ரெண்டு வாரத்துக்கு வேலைப்பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது. இரும்புச் சத்து நாம ஏத்திடலாம். மத்ததுக்கெல்லாம் நம்மகிட்ட மருந்து இல்ல. அவர் லீவு போட்டுட்டு பக்கத்துல உக்காரணும். சும்மா உக்காந்தாலே போதும்.

— அவருக்குத் தலைபோற வேலை இருக்குன்னு சொன்னா?

— என்ன பெரிய தலைபோற வேலை? ஆள் போயிட்டா வேலைய வெச்சு என்ன பண்ணுவார்? அப்படியே கேப்பேன்.

— கேளு.

— டாக்டர், கீழருந்து கூப்பிடறாங்க. சேர்மன் வந்துட்டாராம், உங்களை உடனே வரச்சொல்றார்.

— ரெண்டு நிமிஷம்னு சொல்லுங்க சிஸ்டர். அந்த நாலாம் படுக்கை ஷீட்டக் குடும்மா, கையெழுத்து போட்டுட்டுப் போறேன். வந்து மிச்சத்த எழுதிக்கறேன். எங்க, இங்கதான?

— அங்க இல்லப்பா. அது டாக்டர் போடற எடம். அதுக்குக் கீழ, உறவினர் கையெழுத்துன்னு இருக்கு பாரு, அங்க போடு.