கழுத்துக்கு மேல வெட்டு

கத்திரிய கையில வச்சிக்கிட்டு என்ன அப்படிப் பாக்குற ஷபானா? வெட்டச் சொன்னேன், வெட்டு. நுனி இல்லம்மா. நுனி வெட்டிக்கவா நான் புக்கிட் மேராவுலேர்ந்து பஸ் ஏறி லிட்டில் இந்தியா வரைக்கும் வந்தேன்? எங்க புளோக்குக்குக் கீழயே கடை இருக்கு. கழுத்துக்கு மேல. காது வெளிய தெரியணும்.

இடுப்பு வரைக்கும் இருக்குன்னா? இருக்குறதாலதானே வெட்டச் சொல்றேன். பாவமா இருக்கா? யாருக்கு, முடிக்கா எனக்கா? முடிக்குன்னா வெட்டி முடிச்சிட்டு அழு, எனக்கு நேரமில்ல. வீட்டுல எம் புருஷன் ஆர்னால்ட் தனியா அம்மாவப் பாத்துக்கிட்டு இருக்காரு. பாத்துக்கிட்டுன்னா, அவரு டிவியப் பாப்பாரு, அம்மா அவரப் பாப்பாங்க.

ஆமா, எங்கம்மாதான். மாமியார் இல்ல. பெத்த தாயி. மறதி நோயி, மூணு வருஷமாச்சு.

சரி, அக்கான்னே கூப்பிடு, அது போதும். போன தடவ ஆன்ட்டின்னு ஆரம்பிச்ச. அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கமே வரல.

என்ன விசேஷமா? எங்க வீட்டுல ஏது விசேஷம். எங்கம்மாவோட டாக்டர் இன்னிக்கிக் காலையில மங்கோலியாவுக்குப் பறந்துட்டா. குதிரையப் படம் எடுக்கப் போறாளாம். ரெண்டு மாசம் லீவு. சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். தாரணின்னு பேரு. வயசானவங்களுக்குன்னே தனியா படிச்ச டாக்டர். வீட்டுக்கே வந்து பாப்பா. ஸ்டெதஸ்கோப்ப பைக்குள்ள எங்கயாவது தேடிக்கிட்டு இருப்பா, கேமரா மட்டும் கழுத்துலயே தொங்கும்.

அவள எனக்குப் புதுசா ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேரும் ஒரே கான்வென்ட், ஒரே பெஞ்சு. ஜியாகிரஃபி வகுப்புல ஐஸ்லாந்து எங்க இருக்குன்னு தெரியாம, கிரீன்லாந்து மேல பென்சில வச்சிக்கிட்டு முழிச்சவ லா அவ! நான்தான் முழங்கையால இடிச்சு, அங்க இல்லடி, பக்கத்துலன்னு காட்டினேன். வகுப்புல பேசினேன்னு சிஸ்டர் பெர்னடெட் என் காதத்தான் திருகினாங்க. இப்ப என்னாச்சு? அவ ஐஸ்லாந்துக்கே போயி, ராத்திரி வானத்துல பச்சையா வெளிச்சம் ஆடுமாமே, அதப் படம் புடிச்சு ஆள் உசரத்துக்கு மாட்டி வச்சிருக்கா. எடத்தக் காட்டினவ நானு. போனவ அவ. நான் போனது மலாக்கா. அதுவும் சர்ச் பஸ்ல, ஆர்னால்டோட அண்ணி பக்கத்துல. வழி பூரா அவங்க வாந்தி, என் கையில பை.

பொறாமையா? எனக்கா? நீயும் ஆர்னால்டும் பேசி வச்சிக்கிட்டீங்களா? அவரும் இதத்தான் சொல்லிட்டு, அப்புறம் சாப்பாட்டுல உப்பு இல்லன்னாரு. அன்னிக்கு வேணும்னேதான் போடல, அது வேற விஷயம்.

நீ ஏன் சீப்ப வச்சி வாரிக்கிட்டே இருக்க? வெட்டுறதுக்கு எதுக்கு இத்தன அலங்காரம்?

நீயே சொல்லு. தாரணிக்குக் கல்யாணம் கெடையாது, புள்ள கெடையாது, பூன் லே பக்கம் அண்ணன் வீட்டுல வருஷத்துக்கு ஒரு தீபாவளி, அதோட கடமை முடிஞ்சுது. ஒரு பைய மாட்டுனா கெளம்பிட வேண்டியதுதான். அத்தனை ஊரு சுத்துறாளே, மொகத்துல ஒரு களைப்பு வேணாமா? வாசல்ல வந்து நிக்கும்போதே சிரிச்சிக்கிட்டுதான் நிப்பா. நான் பாத்ரூம் கழுவுன கையோட போயி கதவத் தொறப்பேன்.

இதக் கேளு. மத்த டாக்டருங்கன்னா இன்னிக்கி என்ன கெழம, நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிங்கன்னு கேப்பாங்க. கேட்டா எங்கம்மா அழுதுடுவாங்க. இவ ஒண்ணும் கேக்க மாட்டா. கீழ தரையில சம்மணம் போட்டு உக்காந்து, அவ எடுத்த படம் ஒண்ண எங்கம்மா மடியில வைப்பா. ஒரு நாள் ராஜஸ்தான் ஒட்டகம். அம்மா, இது எங்க போவுதுன்னா. எங்கம்மா யோசிச்சிட்டு, தேக்கா மார்க்கெட்டுக்குத்தான், மீன் வாங்கன்னாங்க. அப்படியா, என்ன மீனும்மா? குருவ மீனு. கொழம்பா, பொரியலா? ரெண்டு பேருமா சேந்து அர மணி நேரம் ஒட்டகத்துக்கு மீன் வாங்கினாங்க ஷபானா! நான் சும்மா இருக்கக் கூடாதா? ஒட்டகம் மீன் திங்காதும்மா, புல்லுதான் திங்கும்னேன். எங்கம்மா மொகம் அப்படியே சாத்திக்கிச்சு. கடைய இழுத்து மூடுன மாதிரி.

என்ன செய்ய, கான்வென்ட் படிப்பு. தப்பப் பாத்தா செவப்பு மையில வட்டம் போடாம இருக்க முடியாது.

தாரணி என்னை கிச்சனுக்கு இழுத்துட்டுப் போயி மெதுவா சொல்றா, திருத்தாதடி, அவங்க எங்க இருக்காங்களோ அங்க நீயும் போயிடுன்னு. நான் எங்கடி போறது, எனக்கு பாஸ்போர்ட்டே காலாவதி ஆயிடுச்சுன்னேன். அதுக்கும் சிரிக்கிறா.

ஆ... முடி விழுந்துடுச்சா? கேட்டுச்சு. என்ன இது, இவ்வளவு கனமா இருந்துருக்கு. இல்ல, சுத்திக் குடுக்காத. அத வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண. அங்கயே கெடக்கட்டும். நீ நிறுத்தாத.

என்னையா? எங்கம்மா என்னை மிஸ்ஸின்னு கூப்பிடுறாங்க. ஆமா லா, ஆஸ்பத்திரி நர்ஸக் கூப்பிடுவோமே, அந்த மிஸ்ஸிதான். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, சட்ட மாட்டி விட்டேன்னு வையி, என் கன்னத்தத் தடவி, தாங்க்யூ மிஸ்ஸி, இருட்டப் போவுது, உங்கம்மா தேடுவாங்க, வீட்டுக்குப் போங்கம்பாங்க. மரியாதையா. வாங்க போங்கன்னு. எங்கம்மா என்னை வாடி போடின்னு கூப்பிட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? திருத்தாதன்னு டாக்டர் உத்தரவு. சரிங்கம்மான்னுட்டு கிச்சனுக்குப் போயிடுவேன். அங்கதானே என் வீடு.

தாரணியையா? அவள மிஸ்ஸின்னு கூப்பிட மாட்டாங்க. டாக்டர்னும் கெடையாது. வேற ஒரு பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க. அவளும் ஏம்மான்னு வந்து நிப்பா. திருத்தக் கூடாதே! என்ன பேரா இருந்தா உனக்கென்ன. தண்ணிய கண்ணுல அடிக்கிற பாரு. துணி குடு. தண்ணிதான்னு சொல்றேன்ல?

போன மாசம் சமூக மன்றத்துல அவ படமெல்லாம் மாட்டி வச்சிருந்தாங்க. ஆர்னால்ட்தான் வா வான்னு கூட்டிட்டுப் போனாரு. பனி, பாலைவனம், மஞ்ச அங்கி போட்ட சின்னச் சின்ன சாமியாருங்க, எல்லாம் தாண்டிப் போனா கடைசி செவுத்துல எங்கம்மா. வாய் நெறைய சிரிப்பு. பல்செட்டு கூட வைக்கல. நான் அப்படியே நின்னுட்டேன். அந்தச் சிரிப்பு என் வீட்டுலதானே எடுத்திருக்கா? என் சோபா, என் ஜன்னல், நான் தைச்ச திரை. அன்னிக்கு நான் எங்க போனேன்? பக்கத்துல ரெண்டு பேரு நின்னு, என்ன அழகா சிரிக்கிறாங்க, நல்லாப் பாத்துக்குறாங்க போலன்னு பேசிக்கிறாங்க. யாரு பாத்துக்குறான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. படத்தப் பிச்சி எறியலாம்னு கைய நீட்டினேன். லேசா சாஞ்சி தொங்கிக்கிட்டு இருந்துச்சு. நேரா நிமித்தி வச்சிட்டு வந்துட்டேன்.

காதுக்கிட்ட இன்னும் எடு. முன்னால நெத்தியில கொஞ்சம் விழணும்.

ஏன் அவசரமா? நேத்து அவ வந்து சொல்லிட்டுப் போனாளா, அதுலேர்ந்து எங்கம்மா ஒரு வாய் சாப்பிடல. கஞ்சிய கரண்டியில எடுத்துட்டுப் போனா வாயை இறுக்கிக்கிறாங்க. ரசம் சோறு, இடியப்பம், கோப்பியில நனைச்ச ரொட்டி, எல்லாம் பாத்தாச்சு. அவ வரட்டும், அவ குடுத்தாத்தான்னு வாசலையே பாக்குறாங்க. அவதான் குதிரைக்குப் பின்னால போயிட்டாளே. ரெண்டு மாசம் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தா ஒடம்பு என்னத்துக்கு ஆவும்? இன்னிக்கிக் காலையில கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன், கேட்டுட்டேன். நான் குடுத்தா ஆகாதா, நான் யாரும்மான்னு. எங்கம்மா என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, கோவிச்சுக்காதீங்க மிஸ்ஸி, எம் பொண்ணு வந்துடுவா, அவளுக்கு முடி கட்டையா இருக்கும், நான்தான் வெட்டி விடுவேன்னாங்க.

உண்மதான் ஷபானா. காலருக்குக் கீழ முடி தொங்குனா சிஸ்டர் திட்டுவாங்கன்னு, மாசா மாசம் கிச்சன் நாற்காலியில உக்கார வச்சி வெட்டுவாங்க. கழுத்துல துண்டு சுத்தி. நல்லாவே இருக்காது, ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும்.

இரு, கையத் தொடச்சிக்க. இந்தா போனு. இந்தப் படத்தப் பாரு, இதே மாதிரி. பின்னால ஒட்ட, பக்கத்துல காது தெரிய. நல்லாத் தெரியுதா? ஆமா, கேமரா தொங்குதே, அவதான். தாரணிதான்.

பின்ன என்ன? அவளப் பாத்துதான் எங்கம்மா பிரிஜட், வந்துட்டியாடிங்கறாங்க.

என் பேரு உனக்குத் தெரியாதில்ல? இத்தன வருஷமா அக்கா, ஆன்ட்டின்னே ஓட்டிட்ட. பிரிஜட் நான்தான்.

ஐயோ, நீ எதுக்கு அழுவுற, கத்திரி ஒரு பக்கமா போவுது பாரு! சரி, விடு. ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு இருந்தா இன்னும் நல்லதுதான்.

அப்படியும் எங்கம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியலன்னாவா? முடிதானே, வளந்துட்டுப் போவுது.

சிரிப்பா? ஆமா, அவ சிரிச்சிக்கிட்டேதான் வருவா, நானே சொன்னேன். எனக்கு அது சட்டுன்னு வராது. நீ முடியப் பாரும்மா. சிரிப்ப நான் லிஃப்டுல போகும்போது பழகிக்கிறேன்.