லைன்ல கோளாறு ஒண்ணும் இல்ல

அதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும் மேடம். முன்னாடி பாத்த வேலையை ஏன் விட்டீங்கன்னு. அதுக்குப் பதில் வர்ற வழியெல்லாம் பஸ்ல சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். வளர்ச்சிக்காக விட்டேன், புது அனுபவம் தேடி விட்டேன், அப்படி இப்படின்னு. பக்கத்துல உக்காந்திருந்தவர் எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டார். உண்மையைச் சொல்லிடறேனே. நான் விடல மேடம். என்னை வெளிய அனுப்பிட்டாங்க.

சிரிங்க, பரவாயில்ல. வீட்டுல என் சம்சாரமும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. எட்டு மாசமா அவ சம்பளத்துலதான் எனக்குச் சோறு. இன்னைக்கும் இது அமையலைன்னா மச்சினன் கடைக்கு வேலைக்குப் போகணும். அவன் வாய் நிறைய மாமா மாமான்னு கூப்பிட்டுக்கிட்டே மூட்டை தூக்க வெப்பான். அதனால எனக்கு இந்த வேலை ரொம்ப முக்கியம் மேடம், மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

அனுபவத்துக்குக் குறைச்சலே இல்ல. டெலிபோன் கம்பெனில ஆறு வருஷம், புகார்ப் பிரிவு. ஒரு நாளைக்கு எண்பது தொண்ணூறு பேர்கிட்ட பேசணும். ஒவ்வொரு காலும் நாலு நிமிஷத்துல முடியணும், அதுக்குள்ள மூணு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கணும். மேஜைல ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டியிருப்பாங்க, சிரிச்சுக்கிட்டே பேசறோமான்னு நாமளே பாத்துக்க. நான் சிரிச்சா பல்லு வலிக்காரன் மாதிரிதான் இருப்பேன். ஆனா அதுக்குன்னே ஒரு குரல் வெச்சிருந்தேன் மேடம். வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவட்டும்? பாத்தீங்களா, வேற யாரோ பேசற மாதிரி இல்ல? பேருகூட அங்க வேறதான். சொந்தப் பேரைச் சொன்னா, திட்டறவங்க நேரா வீட்டு வாசலுக்கே வந்துடுவாங்களாம்.

பொறுமையா? ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க. ஒருத்தர் என் ஏழு தலைமுறையையும் இழுத்து வெச்சுத் திட்டினார். ஏழு தலைமுறை சார்பாவும் நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த மாசம் எனக்குப் பரிசா ஒரு பிளாஸ்டிக் கோப்பை குடுத்தாங்க.

ஆனா வீட்டுக்கு வந்துட்டா அவ்வளவும் காலி. போன் அடிச்சாலே பத்திக்கிட்டு வரும். கவுத்துப் போட்டுட்டுப் படுத்துடுவேன். யாரையும் திருப்பிக் கூப்பிடறது கிடையாது. நாளைக்குப் பேசிக்கலாம், நாளைக்குப் பேசிக்கலாம். சண்டை சச்சரவு ஒண்ணும் இல்ல மேடம், வெறும் சோம்பேறித்தனம், திமிரு.

சரி சரி, விஷயத்துக்கு வர்றேன். ஒரு நாள் மத்தியானம் வயசான அம்மா ஒருத்தங்க கூப்பிட்டாங்க. அவங்க பையனோட கால் மட்டும் வரமாட்டேங்குதுன்னு புகார். பக்கத்து வீட்டு டீச்சர் கூப்பிட்டா வருது, மருந்துக் கடைக்காரர் கூப்பிட்டா வருது, ராங் நம்பர்கூட வேளாவேளைக்கு வருது, என் பிள்ளை கால் மட்டும் அஞ்சு மாசமா வரல, அவன் பாவம் தினமும் போட்டுப் போட்டுப் பாத்துட்டுத் தவிச்சுப்போயிருப்பான், நீங்கல்லாம் என்ன லட்சணத்துல கம்பெனி நடத்தறீங்கன்னு ஒரு பிடி பிடிச்சாங்க. நீங்களே அவரைக் கூப்பிடலாமேம்மான்னு கேட்டேன். வேலை நேரத்துல கூப்பிடாத, நானே கூப்பிடறேன்னு சொல்லியிருக்கான்ப்பா, நாம தொந்தரவு பண்ணக்கூடாதில்லன்னாங்க.

கம்ப்யூட்டர்ல பாத்தேன். லைன் சுத்தமா இருக்கு, கோளாறு ஒண்ணும் இல்ல. பையன் கூப்பிடவே இல்ல மேடம். அஞ்சு மாசத்துல ஒரு தடவைகூட இல்ல.

நான் என்ன செஞ்சிருக்கணும்? உங்க லைன் நல்லா இருக்கும்மா, வேற ஏதாவது உதவி வேணுமான்னு கேட்டுட்டுப் போனை வெச்சிருக்கணும். ரெண்டு நிமிஷ வேலை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆமாம்மா, லைன்லதான் கோளாறு, ரொம்ப நாளாவே இருக்கு, தப்பு எங்க பேருலதான், மன்னிச்சுடுங்கன்னுட்டேன். புகாரும் பதிஞ்சுட்டேன். மொத்தம் இருபத்தாறு நிமிஷம். பதினோரு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கேன், அப்புறம் விசாரணைல அந்தப் பேச்சைப் போட்டுக் காட்டும்போதுதான் எண்ணினேன்.

மறுநாள் லைன்மேன் போய்ப் பாத்துட்டு, பழுது எதுவும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டார். பதிவு பண்ணின பேச்சைத் தோண்டி எடுத்தாங்க. லைன் நல்லா இருக்கறது உன் கண்ணு முன்னாடியே தெரியுது, அப்புறம் எதுக்குய்யா பொய்ப் புகார் பதிஞ்சேன்னு மேனேஜர் குதிக்கறார். நான் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நிக்கறேன். சாயந்தரமே அடையாள அட்டையை வாங்கிக்கிட்டாங்க.

இங்கயும் அப்படிச் செய்வீங்களான்னா... மாட்டேன் மேடம். நிச்சயமா மாட்டேன்.

என்ன? யாரோ ஒரு அம்மாவுக்காகவா வேலையை விட்டீங்கன்னா கேக்கறீங்க?

இதை அங்க சொல்லல மேடம். சொன்னா இருக்கற கொஞ்ச மானமும் போயிடும்னு வாயை மூடிக்கிட்டேன். புகார் எழுதற படிவத்துல ஒரு கட்டம் இருக்கும். எந்த நம்பர்ல இருந்து கால் வரலைன்னு கேட்டு எழுதணும். தெரிஞ்சிருந்தாலும் கேட்டே ஆகணும், அது விதி. கேட்டேன். எதையும் பாக்காம கடகடன்னு ஒப்பிச்சாங்க. உங்க கையில இருக்கற விண்ணப்பத்துல என் பேருக்குக் கீழ எழுதியிருக்கு பாருங்க, அந்த நம்பர்தான்.

இல்ல மேடம், பேசறது நான்தான்னு அம்மா கண்டுபிடிக்கல. நானும் அந்த ஆபீஸ் குரலைக் கடைசி வரைக்கும் விடல. விட்டிருந்தா அழுதிருப்பேன்.

கூப்பிட்டேன், கூப்பிட்டேன். புகார் பதிஞ்ச அன்னைக்கே, வேலை நேரம் முடிஞ்சதும் மாடிப்படில நின்னு. முதல் மணிக்கே எடுத்துட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, டேய், லைனைச் சரி பண்ணிட்டாங்கடா, நான்தான் புகார் குடுத்தேன்னு ஒரே சந்தோஷம். யாரோ ஒரு பிள்ளைடா, என்ன பொறுமை, என்ன மரியாதை, எவ்வளவு நேரம் பேசினான் தெரியுமா, அவனைப் பெத்தவ குடுத்து வெச்சவடான்னாங்க.